வியாழக்கிழமைப் பாட்டு

பிப்ரவரி 9

அண்ணாவுக்கு உன் பொடிசு எழுதுவது.

நானும் இவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ, அண்ணி, பாப்பா மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? பாப்பாவுக்கு இந்நேரம் கழுத்து நின்றிருக்கும். போனில் யார் யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்து அதைத் தொடவே பயமாக இருக்கிறது. அதனால்தான் கடிதம். லாரிக்காரர் எல்லை தாண்டி வந்து உன் கையில் எப்போது கொடுப்பாரோ தெரியாது.

எங்களுக்கு மூன்றாவது மாடியில் ஒரே அறை கொடுத்திருக்கிறார்கள். சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர். எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகள் இயந்திரத்திலிருந்து சுடச்சுட வரும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடிக்க வேண்டும். என் எதிர்முனையைப் பிடிப்பவள் வேறொரு நாட்டிலிருந்து நம்மைப் போலவே ஓடி வந்தவள். வந்து பல வருடம் ஆயிற்றாம். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. மனதுக்குள் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இவர்தான் சரியில்லை. அங்கே நிலம் அளக்கிறேன் என்று வெயிலில் மைல் கணக்காக நடந்தவர், இங்கே கட்டிலுக்கும் சன்னலுக்கும் நடுவில் நடக்கிறார். வேலை தேடுவதையும் விட்டுவிட்டார். லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுகொள்கிறார். எங்களை இங்கே இருக்க விடுவார்களா என்ற விசாரணைக்கு இன்னும் தேதி வரவில்லை.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். போன வாரம் மடிக்கும்போது என்னை அறியாமல் வாய்க்குள் முனகியிருக்கிறேன். உன் குழு பாடுமே, அதில் ஒன்று. மடிப்பக்கா விரிப்பை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். வியாழக்கிழமை தோறும் ஒரு கூடத்தில் பல நாட்டுக்காரர்கள், உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பாடுகிறார்களாம். உள்ளூர்ப் பாஷையில் இரண்டு சொல்லும் ஜாடையுமாக இதைச் சொல்லி, நீயும் வா என்றாள்.

நான் குனிந்து விரிப்பை எடுத்துக்கொண்டேன். மில் வாசலில் உன் குழு பாடிய பிறகு அரசாங்க ஆட்கள் பாடியவர்களை ஒவ்வொரு பெயராக எடுத்ததும், எங்கள் வீட்டில் வைத்துத்தான் பாடிப் பழகினீர்கள் என்று தெரிந்து இவரைத் தேடி வந்ததும், நாங்கள் உடுத்த துணியோடு கிளம்பியதும் உனக்குத் தெரியாததா? அண்ணி நிறைமாதமாக இருந்ததால் நீ வரவில்லை. இவர் முன்னால் பாட்டு என்ற சொல்லையே எடுக்க முடியாது. "பாட்டாலதான் நாம இங்க வந்து கிடக்கிறோம்" என்கிறார். நான் போகட்டுமா, வேண்டாமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

பாப்பாவுக்கு என் முத்தம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

~

மார்ச் 20

பொடிசுக்கு அண்ணனின் ஆசி.

சொல்வது நான், எழுதுவது உன் அண்ணி. கண்ணாடி டம்ளர் உடைந்து விரலில் குத்திவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறேன். பதறாதே. மற்றபடி மூவரும் சுகம். பாப்பா குப்புற விழுகிறாள். மூக்கு உன் மூக்கு. பாவம், ஒன்றும் செய்வதற்கில்லை. (இந்த வரியை எழுத அண்ணி மறுத்தாள். வற்புறுத்தி எழுத வைத்தேன்.) உனக்கும் மாப்பிள்ளைக்கும் அந்தக் குளிர் ஒத்துக்கொள்கிறதா?

கேட்டதற்குப் பதில்: போ. கட்டாயம் போ. அறைக்குள்ளேயே கிடந்தால் உங்கள் இரண்டு பேருக்கும் பைத்தியம் பிடிக்கும். நீ சின்ன வயதிலிருந்தே கூட்டத்தில் நின்றால்தான் சுருதி சேருவாய். தனியாகப் பாடினால் சுருதியை விட்டு ஓடுவாய். அங்கே கூட்டம் இருக்கிறது. போய் நில்.

ஒன்று மட்டும். யாராவது படம் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள். எந்த நாட்டுக்காரி என்று எங்கும் எழுத விடாதே. நீ எட்டாத இடத்தில் இருக்கிறாய், நாங்கள் எட்டும் இடத்தில் இருக்கிறோம். அவ்வளவுதான் சொல்வேன்.

ஆர்மோனியத்தைப் பற்றி நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன், இப்போது வாசிப்பதில்லை. பாப்பா தூங்க வேண்டுமே.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையைச் சாப்பிட வை.

அண்ணன்

~

ஏப்ரல் 17

அண்ணாவுக்கு,

உன் விரல் ஆறிவிட்டதா? கண்ணாடிக் காயம் சீழ் வைக்கும், அலட்சியமாக இருக்காதே. இங்கே எனக்குக் கொஞ்சம் சளி, வேறொன்றுமில்லை.

போனேன். அது ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு அறை. மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். தரை துடைக்கும் திரவத்தின் வாடை. முப்பது பேர் போல இருந்தார்கள். பாட்டு நடத்துகிறவருக்கு இங்கே கண்டக்டர் என்றுதான் பெயராம். ஆனால் பகலில் அவர் பஸ் டிரைவர். டிரைவராகவும் கண்டக்டராகவும் ஒரே ஆள் இருப்பதை நினைத்து, வந்ததிலிருந்து முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது. யாரிடம் சொல்லிச் சிரிக்க? மடிப்பக்காவுக்குச் சொன்னால் புரியாது.

முதலில் மாடு அசைபோடுவது மாதிரி வாயை மென்று காட்டச் சொன்னார். அப்புறம் மூடிய வாயோடு எல்லாரும் ஒரே சுரத்தைப் பிடித்தோம். அண்ணா, முப்பது பேரின் மூச்சு ஒன்றாக என் முதுகில் வந்து மோதியது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு தாள் கைமாறிக் கைமாறி வந்தது. வந்தவர்கள் பெயரும் விலாசமும் எழுத வேண்டுமாம். என் கைக்கு வருவதற்குள் எழுந்து கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். கூட்டம் முடிந்து மடிப்பக்கா வந்து தட்டும்வரை வெளியே வரவில்லை. அவள் போய்க் கண்டக்டரிடம் என்ன சொன்னாளோ, அடுத்த வாரம் அந்தத் தாள் வரவே இல்லை.

இந்த ஊர்ப் பாஷையில் நான் முழுதாகப் பேசிய முதல் வாக்கியம் எது தெரியுமா? சலவைக்கூட மேஸ்திரி ரயில் மாதிரி பேசுவார், நான் தலையாட்டிவிட்டுத் தப்பாகச் செய்வேன். ஒரு நாள் வாய் தவறி, "மறுபடியும், முதல்லேருந்து, மெதுவா" என்று கண்டக்டர் சொல்வதை அதே தொனியில் சொல்லிவிட்டேன். மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். புரிந்தது.

இவரிடம் வியாழக்கிழமை ஓவர்டைம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது ஒன்றுதான் உறுத்துகிறது.

உங்கள் நாட்டுப் பாட்டு ஒன்று சொல்லிக்கொடு என்று கண்டக்டர் கேட்கிறார். எதைச் சொல்ல? நீயே சொல்.

அண்ணியும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும்.

பொடிசு

~

மே 25

பொடிசுக்கு,

இங்கே யாவரும் சுகம். உன் சளி போயிற்றா? விரல் மெல்ல ஆறுகிறது, ஆகவே இதுவும் அண்ணியின் கையெழுத்துதான். அவள் எழுத்து என் எழுத்தைவிட அழகு, உனக்கு லாபம்.

மாப்பிள்ளையிடம் பொய் சொல்வதை நிறுத்து. ஏற்கெனவே லிஃப்ட் சத்தத்துக்கு எழுந்து நிற்கிற மனிதர். நீ சொன்னது பொய் என்று இன்னொருவர் வாயால் கேட்டால் என்ன ஆவார்? கத்தட்டும், கத்த விடு.

நாங்கள் வீடு மாற்றியிருக்கிறோம். இங்கே தண்ணீர் நன்றாக வருகிறது. கடிதத்தைப் பழைய விலாசத்துக்கு அனுப்பாதே. கடைத்தெருத் தையல்காரர் பெயருக்கு அனுப்பு. உள்ளே என் பெயர் எழுத வேண்டாம்.

பாட்டு கேட்டாயே. மில் வாசலில் பாடியது எதுவும் வேண்டாம். புதிதாக ஒன்று கட்டியிருக்கிறேன், பாப்பாவைத் தூங்க வைக்கக் கட்டியது. அதில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது.

மழையே கொஞ்சம் வழிவிடு
கிழக்கு வெளுக்கட்டும் வழிவிடு
வாழைக் குருத்தாய் ஒரு பிள்ளை
விழித்துச் சிரிக்கும் வழிவிடு

சுரம் தனித்தாளில் இருக்கிறது. மூன்றாவது அடியில் எல்லாரும் அவசரப்படுவார்கள். அங்கே நிதானமாக ஏற வேண்டும், படியேறும் கர்ப்பிணி மாதிரி. (உவமை அண்ணியுடையது.)

மாப்பிள்ளைக்கு என் அன்பு. அவர் வாங்கிக்கொள்ளாவிட்டாலும் கொடு.

அண்ணன்

~

ஜூன் 28

அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். கண்ணாடி குத்திய விரல் இத்தனை மாதமா ஆறாமல் இருக்கும்? டாக்டரிடம் காட்டினாயா? ஏன் வீடு மாற்றினீர்கள்? தண்ணீருக்காகவா? உண்மையைச் சொல்.

இவரிடம் சொல்லிவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

"எங்க கிளம்பற?"

"பாட்டுக்கு. ஓவர்டைம்னு சொன்னதெல்லாம் பொய்."

"உங்கண்ணன் எழுதினாரா போகச் சொல்லி?"

"ஆமா."

"அவருக்கென்ன. பாடிப் பாடி ஒரு வீட்டைக் காலி பண்ணியாச்சு. இதையும் காலி பண்ணணுமா?"

ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை நான் செருப்பை மாட்டும்போது அவரும் கோட்டை எடுத்தார். "நானும் வரேன். கதவுகிட்ட உக்காருவேன். யாராவது கேமராவை எடுத்தா நீ அப்படியே எந்திரிச்சு வந்துடணும்" என்றார். வாசலை ஒட்டி நாற்காலி போட்டு, கோட்டைக் கழற்றாமல் போலீஸ்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைப் பாடச் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரம் கண்டக்டர் நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தார். இவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பொறுக்கவில்லை. "வளைவு சரியில்ல" என்று தமிழிலேயே முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போய் அத்தனை நாற்காலியையும் நகர்த்தினார். இப்போது வாரா வாரம் அது அவர் வேலை. யாராவது நாற்காலியை இழுத்துவிட்டால் முறைக்கிறார். வாரத்தில் ஒரு நாளாவது வீட்டை விட்டு வெளியே வருகிறாரே என்று இருக்கிறது எனக்கு.

உன் பாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். நாக்கை மடிக்கத் தெரியாமல் எல்லாரும் மலை, மயை, மறை என்கிறார்கள். கண்டக்டர் பஸ் ஓட்டும்போதும் 'ழ' பழகுகிறாராம். பயணிகள் பயப்படுகிறார்களாம்.

அடுத்த மாதம் ஊர்ச் சதுக்கத்தில் வெளியே நின்று பாடப் போகிறார்கள். வரமாட்டேன் என்றேன். படம் எதுவும் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிடுவதாகவும், நான் பின்வரிசையில் தூண் மாதிரி உயரமான ஒருவருக்குப் பின்னால் நிற்கலாம் என்றும் கண்டக்டர் சொன்னார். உன் பாட்டைப் பாடப்போகிறார்கள், நான் இல்லாமல் எப்படி? என்ன செய்யட்டும் என்று கேட்டால் உன் பதில் வருவதற்குள் அது முடிந்துவிடும். போகலாம் என்று நினைக்கிறேன்.

பாப்பாவுக்குப் பல் வந்ததா?

பொடிசு

~

ஜூலை 21

அண்ணா,

எல்லாரும் சுகமா? முதலில் அதைச் சொல்.

தவறு நடந்துவிட்டது. சதுக்கத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்ற ஒருவர், மேல்படியிலிருந்து படம் எடுத்திருக்கிறார். அந்தத் தூண் மனிதருக்குப் பின்னால் நின்ற நான் மேலிருந்து பார்த்தால் தெரிகிறேன். வாயைத் திறந்து பாடிக்கொண்டிருக்கிறேன். செய்தித்தாளில் வந்துவிட்டது, அவர்கள் இணையப் பக்கத்திலும் வந்துவிட்டது. கீழே நம் நாட்டின் பெயர், தாலாட்டு என்று ஒரு வரி. மில் பாட்டு இல்லை, தாலாட்டுதான். ஆனால் அதைப் பார்ப்பவர்களுக்கு முகம் போதாதா? முகத்தை வைத்து என்னைத் தெரிந்தால் உன்னைத் தெரியாதா?

இவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சட்டையை மாட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். ரொட்டி வாங்கக்கூடப் போகாத மனிதர். இருக்கிற பத்துச் சொல்லை வைத்துக்கொண்டு, "நீக்கு. படம் நீக்கு. அங்கே அண்ணன். குழந்தை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கண்டக்டரும் வந்து பேசினார். இரண்டு நாள் கழித்து இணையத்திலிருந்து எடுத்தார்கள். காகிதத்தில் வந்ததை என்ன செய்ய முடியும்?

இனி அந்தக் கூடத்துக்குப் போகமாட்டேன். உடனே எழுது. ஒரு வரி போதும்.

உன் தங்கை

~

ஆகஸ்ட் 19

அண்ணா,

நலமா? போன மாதம் எழுதியது கிடைத்ததா?

வேறொன்றும் எழுத ஓடவில்லை. அண்ணி, நீங்களாவது எழுதுங்கள். ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள்.

பொடிசு

~

செப்டம்பர் 22

அண்ணாவுக்கு,

படம் வந்த பிறகு இது மூன்றாவது கடிதம். சுகமா என்று எழுதவே கை வரவில்லை. பதிலில்லாத இடத்துக்கு அந்தக் கேள்வியை எத்தனை தடவை அனுப்புவது? நாங்கள் இருக்கிறோம்.

தபால் பெட்டியை இவர் காலையில் ஒரு தடவை பார்க்கிறார், நான் வேலை முடிந்து வந்து ஒரு தடவை பார்க்கிறேன். அவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்தும் பார்க்கிறேன். சலவைக்கூடத்தில் விரிப்பை மடிக்கும்போது கோணலாகிறது. மடிப்பக்கா ஒன்றும் சொல்லாமல் மறுபடி உதறி மடிக்கிறாள்.

போன வியாழக்கிழமை கண்டக்டரும் மடிப்பக்காவும் வீட்டுக்கு வந்தார்கள். கண்டக்டர் கட்டில் ஓரத்தில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தான் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றவில்லை என்று மட்டும் சொன்னார். இவர் தேநீர் போட்டுக் கொடுத்தார். எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்துவிட்டது. "என்னைப் பாடக் கூப்பிட்டது யாரு? நான் பாட்டுக்கு இருந்தேனே. போங்க, எல்லாரும் போங்க" என்று கத்தினேன். நம் பாஷையில்தான் கத்தினேன். கண்டக்டர் எழுந்துவிட்டார். மடிப்பக்கா எழுந்திருக்கவில்லை.

அவள் எனக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். "என் தம்பி. அங்கே. கடிதம் இல்லை. ஒரு வருஷம் நான் பாடவில்லை. கடிதம் வரவில்லை. அப்புறம் பாடினேன். அப்போதும் வரவில்லை."

"அப்புறம் வந்துச்சா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினாள். தேநீரைக் குடித்து முடித்தாள். போகும்போது என் கன்னத்தில் கையை வைத்துவிட்டுப் போனாள்.

நேற்றைய வியாழக்கிழமை கூடத்துக்குப் போனேன். பாடவில்லை. நடுவில் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். சுற்றிலும் அவர்கள் பாடினார்கள். வீட்டில் இருந்தால் உன்னைப் பற்றி என்னென்னவோ தோன்றுகிறது. அங்கே நின்றால் தோன்றுவது நிற்கவில்லை, ஆனால் பக்கத்தில் ஆள் இருக்கிறது.

எங்கே இருக்கிறாய்?

பொடிசு

~

அக்டோபர் 14

நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது.

மூவரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதைப் படித்துக்கொள், பிறகு மற்றதைப் படி. எல்லைக்கு இந்தப் பக்கம் முகாமில் இருக்கிறோம். வந்து சேர்ந்தோம் என்று உன் அண்ணன் சொல்ல நான் எழுதிய நான்கு வரி இன்னொரு தாளில் இருக்கிறது. இது அவருக்குத் தெரியாமல் அதோடு மடித்து வைப்பது.

கண்ணாடி டம்ளர் எதுவும் உடையவில்லை. உன் முதல் கடிதம் வருவதற்கு முன்பே, ஜனவரியில், வீட்டுக்கு வந்தார்கள். ஆர்மோனியத்தின் மேல் கையை வைக்கச் சொன்னார்கள். துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். வலது கையில் மூன்று விரல் இனி மடங்காது. பேனா பிடிக்க வராது. ஊரே பயந்துகிடந்தது, வீட்டுச் சொந்தக்காரரும் எங்களைக் காலி பண்ணச் சொன்னார். "இத அவளுக்கு எழுதினா அவ ஜென்மத்துக்கும் வாயத் திறக்க மாட்டா. போகச் சொல்லி எழுது" என்றார் உன் அண்ணன். எழுதினேன். அந்த மூக்கு ஜோக்கை அவர் சொன்னபோது கைக்கட்டில் இன்னும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

இனிச் சொல்வதையும் மறைக்கமாட்டேன். உன் படத்தை யாரோ அவர்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். ஜூலை கடைசியில் தையல்காரர் கடைக்கு வந்து எங்களைப் பற்றிக் கேட்டார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. அவரை அடித்து, மெஷினைத் தெருவில் போட்டு உடைத்தார்கள். எங்களுக்குச் செய்தி சொல்லி அனுப்பியதும் அவர்தான். அன்றைக்கே, பாப்பாவுக்குக் காய்ச்சல் கொதிக்கக் கொதிக்க, லாரிக்காரரின் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கிளம்பினோம். உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. உன் கடிதங்களை லாரிக்காரர் சேர்த்து வைத்திருந்து இங்கே கொண்டுவந்து கொடுத்தார். செப்டம்பர் கடிதத்தைப் படித்த பிறகு அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை.

பாப்பாவுக்குச் சரியாகிவிட்டது. நடக்கிறாள். அவர்தான் ஆளே மாறிவிட்டார். கூடாரத் துணியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கையைத் துண்டால் மூடிக்கொள்கிறார். பாப்பாவைத் தூங்க வைக்கக்கூட வாயைத் திறப்பதில்லை. நான் சொன்னால் எரிந்து விழுகிறார். நீ எழுது. நீ எது சொன்னாலும் கேட்பார். ஆனால் நான் சொன்னேன் என்று காட்டிக்கொள்ளாதே, அவர் என்னை மன்னிக்கமாட்டார்.

உன் உடம்பையும் உன் வீட்டுக்காரரையும் பார்த்துக்கொள். எனக்குப் பதில் வேண்டாம்.

அண்ணி

~

நவம்பர் 16

அண்ணாவுக்கு,

உன் நான்கு வரி கிடைத்தது. அதை இவர் சத்தமாகப் படித்தார், நான் வாங்கிப் படித்தேன், மறுபடி அவர் படித்தார். நீங்கள் மூவரும் பத்திரமாக இருப்பதே போதும். அங்கே குளிரா? பாப்பாவுக்குக் கம்பளி இருக்கிறதா? இங்கே நாங்கள் சுகம்.

எங்கள் விசாரணை முடிந்தது. காலையில் அந்த அலுவலகத்துக்குப் போனால், வெளியே பெஞ்சில் மடிப்பக்காவும், நான் மறைந்து நின்றேனே அந்தத் தூண் மனிதரும், இன்னும் ஏழெட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரையும் நாங்கள் கூப்பிடவில்லை. உள்ளே அவர்களை விடமாட்டார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் கால்கள் மட்டும் தெரிந்தன. இருக்கலாம் என்று போன வாரம் எழுத்து மூலமாகச் சொல்லிவிட்டார்கள். இவர் அந்தத் தாளை நாற்காலி வளைவைப் பார்ப்பது மாதிரி தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு முகம் கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

இப்போது உன்னிடம் ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது. உன் தாலாட்டைப் பெண்கள் பாடிவிடுகிறோம். தடித்த குரல்காரர்கள் ஐந்தாறு பேர் சும்மா நிற்கிறார்கள், கண்டக்டரையும் சேர்த்து. எங்களுக்கு எதுவும் இல்லையா என்று வாராவாரம் கேட்கிறார்கள். கண்டக்டர் தானே ஒன்று போட்டுப் பார்த்தார். பஸ் மேட்டில் ஏறுகிற மாதிரி இருக்கிறது. உனக்குத்தான் அந்தப் பாட்டின் அடிவயிறு தெரியும். அவர்களுக்குக் கீழ்க் குரலில் ஒன்று கட்டிக்கொடு. வாயால் பாடி, நாலு பேரை நிற்க வைத்துச் சரிபார்த்து, அண்ணியைச் சுரம் எழுதச் சொல். உன்னால் முடியாது என்றால் சொல்லிவிடு, கண்டக்டருடையதையே வைத்துக்கொள்கிறோம். ஊரெல்லாம் அதை உன் பாட்டு என்றுதான் சொல்வார்கள், எனக்கென்ன.

அண்ணிக்கு என் வணக்கம். பாப்பா நடக்கிறாளா?

பொடிசு

~

ஜனவரி 8

பொடிசுக்கு அண்ணன் எழுதுவது. அதாவது, சொல்வது.

இங்கே மூவரும் சுகம். இனிமேல் அந்தச் சொல்லை உண்மையாக இருந்தால் மட்டும் சொல்வது என்று அண்ணியோடு ஒப்பந்தம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? அவருக்கு வேலை கிடைத்ததா? உங்களை இருக்க விட்டதைக் கேட்டு அண்ணி அழுதாள். எனக்குக் கண்ணில் தூசி.

கையைப் பற்றி நீ இந்தத் தடவை கேட்கவே இல்லை. விரல் ஆறியதா, டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டுக் கேட்டுக் குடைந்தவள், ஒரு வார்த்தை எழுதவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது. அண்ணியைக் கேட்டேன். ஒத்துக்கொண்டாள். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. யார் யாரோடு பேசவில்லை என்பது குடும்ப ரகசியம்.

தையல்காரர் இப்போது தன் மருமகனுடைய ஊரில் இருப்பதாக லாரிக்காரர் சொன்னார். ஒரு காது கேட்கவில்லையாம். அது உன் படத்தால் நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன், சொன்னாலும் நீ நம்பமாட்டாய். ஆனால் அடித்தது நீ இல்லை. என் கையை அடித்தபோது நீ வாயே திறக்கவில்லை, அப்போதும் அடித்தார்கள். இதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை. அவருக்கு உன் கையால் ஒரு வரி எழுது. நானும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

கீழ்க் குரலுக்கு வருகிறேன். அந்தப் பஸ் டிரைவர் கட்டியதை என் பாட்டில் போட்டுவிடுவாய் என்றதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ அதற்குத்தான் எழுதினாய் என்று தெரிந்தும் எரிந்தது. நாலு பேரை நிற்க வை என்று சுலபமாகச் சொல்லிவிட்டாய். இங்கே எல்லாரும் தண்ணீர் வரிசையில்தான் நிற்பார்கள். ஆகவே அங்கேயே ஆரம்பித்தேன். முன்னால் நின்ற கொத்தனாரிடம், "ஒரு சுரத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டே இருப்பா, விட்டுடாத" என்றேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். ஆனாலும் பிடித்தான். இப்போது மதியத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருபது பேர் வருகிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஒருவன் எப்போதும் சுருதி விலகுகிறான், அவனுக்குத்தான் ஆர்வம் அதிகம். நான் கையில் துண்டில்லாமல் நிற்கிறேன். இந்தக் கையால் வாசிக்க முடியாதே தவிர, ஒருவனைப் பார்த்து நீட்டினால் அவன் உடனே வாயை மூடுகிறான். சுரம் எழுதிய தாள் உள்ளே இருக்கிறது.

எங்களை எந்த நாடு எடுக்கும், எப்போது எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. அண்ணி தினமும் அலுவலகக் கூடாரத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறாள். பலகையில் பெயர்ப் பட்டியல் ஒட்டும்போது நான் இன்றும் கூட்டத்தின் கடைசிக்குப் போய்விடுகிறேன்.

போன வாரம் எங்கள் கூட்டத்திலிருந்து ஒருத்தியை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அடுத்த கூடாரத்துக்காரி, உன் வயதுதான் இருக்கும், தனி ஆள். யாரைத் தொலைத்துவிட்டு வந்தாள் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவள் போவது நீ இருக்கும் நாட்டுக்கு. எந்த ஊர் என்று சொல்லவில்லை. வண்டியில் ஏறும்போது, "அங்க யாரையும் தெரியாதே" என்றாள். வியாழக்கிழமை என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். நாடு பெரிது, உன் கூடத்துக்கு வந்து சேருவாள் என்று நம்ப எனக்கே தைரியம் இல்லை. ஆனாலும் வாசல் பக்கம் ஒரு கண் வைத்திரு. மெல்லிய சட்டைதான் போட்டிருக்கிறாள், மாப்பிள்ளையின் கோட்டைக் கொடுக்கச் சொல். கூப்பிட்டால் ஒழிய உள்ளே வரமாட்டாள். மூன்றாவது அடியில் அவசரப்படுவாள், திட்டாதே.

உங்கள் இருவர் உடம்பும் தேறியிருக்கட்டும்.

அண்ணன்